மஞ்சூரிலும் திறக்கட்டும்: இணையவழி வலைத்தளப் பாடம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடக்குழு ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்களுக்கான ‘வலைத்தள வடிவமைப்பு – அறிமுகம்’ என்ற இணையவழிப் பாடத்தை அடுத்த பருவத்துக்காகத் திருத்தப் போகிறீர்கள். நீலகிரியில் தளம் கட்டிக் கொடுப்பதையும் கட்டக் கற்றுக்கொடுப்பதையும் அன்றாட வேலையாகச் செய்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். தளம் எடை குறைந்ததாக இருக்க வேண்டும், சாதாரணப் போனிலும் திறக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறீர்கள். சொல்லித்தருகிற பாடமும் அப்படியே இருக்கட்டும், நீலகிரி மலையூரான மஞ்சூரிலும் திறக்கட்டும்.

ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் விதி வகுத்தது. அன்றிலிருந்து இணையவழிப் பாடம் என்பது பொழுதிருந்தால் பார்க்கிற சங்கதியாக இல்லை, மதிப்பெண் பட்டியலில் ஏறுகிறது. ஸ்வயத்தின் அமைப்பில் காணொளி, படிக்கும் பாடம், தன்மதிப்பீடு, கலந்துரையாடல் என்று நான்கு அங்கங்கள் உண்டு. நல்ல அமைப்பு. ஆனால் இணையவழிப் பாடங்கள் பலவற்றில் உழைப்பெல்லாம் காணொளிக்கே போய், படிக்கும் பாடம் ஸ்லைடுகளின் பி.டி.எஃப்.-ஆகச் சுருங்கிவிடுகிறது. வலைத்தள வடிவமைப்புக்கு இது தலைகீழ். இந்தப் பாடத்தில் எழுத்துதான் பொருள், காணொளி துணைக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 1.5 மெகாபிட் தரத்தில் ஓடும் 45 நிமிட வகுப்பு ஏறக்குறைய 500 எம்.பி. நாளுக்கு 1.5 ஜி.பி. தரும் பிளானில் மூன்றில் ஒரு பங்கு இதிலேயே தீர்ந்தது. அண்ணனும் தங்கையும் ஒரே போனில் ஹாட்ஸ்பாட் போட்டுப் படிக்கிற வீட்டில் மதியத்துக்கு மேல் ஒன்றும் மிஞ்சாது. அதே வகுப்பை 3000 சொற்களில் தமிழில் எழுதிப் போட்டால் 100 கே.பி.க்குள் அடங்கும். குந்தா பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊர்) மேட்டுக்கு ஏறி நின்றால்தான் சிக்னல் என்ற நிலையில் இருக்கும் மாணவி, மேட்டில் ஒரு நிமிடம் நின்று பக்கத்தை இறக்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்கப் படிக்கலாம். காணொளியை எடுத்துவிடச் சொல்லவில்லை. ஐந்து நிமிடத் துண்டுகளாக வெட்டி, குறைந்த தரத்தில் இறக்கிக்கொள்ளும் வசதியோடு கொடுங்கள். அதை ஒருவர் பார்க்காவிட்டாலும் பாடம் முழுமையாக இருக்கும்படி எழுத்தை அமையுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆசிரியர் திரையில் கோடு, அதாவது பக்கத்துக்கான நிரல் வரிகளை, அடிப்பதை ஆறங்குலப் போனில் பார்த்து, நிறுத்தி நிறுத்தி எழுதிக்கொள்கிறவர் எங்காவது ஒரு மேற்கோள்குறியையோ அரைப்புள்ளியையோ விட்டுவிடுவார். சரி, பி.டி.எஃப்.-இல் இருந்து நகலெடுக்கலாம் என்றால் அங்கே வேறொரு வில்லங்கம் காத்திருக்கிறது. பாடக்குறிப்பு வேர்டில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால், நேரான மேற்கோள்குறிகளை வேர்டு தானாகவே வளைந்த குறிகளாக மாற்றியிருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பிரவுசருக்குத் தெரியும். வளைந்த குறியை அது குறியாக எடுத்துக்கொள்ளாமல் ஃபைல் பெயரின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். லிங்க்கைத் தட்டினால் முகவரிப் பட்டையில் ஃபைல் பெயருக்கு முன்னும் பின்னும் சதவீதக் குறியும் எண்ணும் கலந்த வால் ஒன்று தொங்கும், பக்கம் கிடைக்கவில்லை என்று வரும். மாணவர் தன் கோடைப் பத்து முறை சரிபார்ப்பார், தவறு கண்ணில் படாது. அவரிடம் தவறு இருந்தால்தானே? கோடு மாதிரிகளை வெறும் டெக்ஸ்ட் ஃபைலாகவோ வலைப்பக்கமாகவோ கொடுங்கள். பி.டி.எஃப்.-இல் கோடு வேண்டவே வேண்டாம்.

அடுத்தது பாடத்தின் வரிசை. முதல் இரண்டு வாரம் இணையத்தின் வரலாறு, பிரவுசர் வகைகள், ‘பக்கத்தை எழுதும் மொழியான ஹெச்.டி.எம்.எல். என்பதன் விரிவாக்கம் என்ன’ என்று போய், தளத்தை இணையத்தில் ஏற்றுவது கடைசி வாரத்துக்குத் தள்ளப்படுகிறது. ஏற்றும்போதுதான் உண்மையான பிழைகள் முளைக்கின்றன. கடைசி வாரத்தில் முளைத்தால் திருத்த நாள் ஏது? முதல் வாரத்திலேயே ஏற்றட்டும். ஒரு தலைப்பு, ஒரு பத்தி, ஒரு படம். அவ்வளவு போதும். தளத்தை இணையத்தில் வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் பணம் கட்டாமல் செய்யலாம். கணக்கு தொடங்கி, பயனர்பெயரோடு ‘டாட் கிட்ஹப் டாட் ஐ.ஓ.’ சேர்த்து அதே பெயரில் ஒரு ரெப்பாசிட்டரி (ஃபைல்களை வைக்கும் கிடங்கு) உருவாக்கி, அதில் முகப்புப் பக்கமான ‘இண்டெக்ஸ்’ ஃபைலைப் பிரவுசர் வழியாகவே போட்டால் தளம் எழுந்துவிடும். இலவசக் கணக்கில் ரெப்பாசிட்டரி பொதுவில்தான் இருக்கும், தளம் 1 ஜி.பி.க்குள் இருக்க வேண்டும், பிரவுசர் வழியாக ஏற்றும் ஒரு ஃபைல் 25 எம்.பி.யைத் தாண்டக் கூடாது. போட்டவுடன் தெரியாது, பத்து நிமிடம் வரை ஆகலாம். இந்தப் பத்து நிமிடத்தைப் பாடத்தில் ஒரு வரியாக எழுதிவைக்காததால் எத்தனையோ பேர் ஏற்றியதை அழித்து மறுபடி ஏற்றி, அதையும் அழித்து ராத்திரியைக் கழிக்கிறார்கள். மாற்றிய பிறகும் பழைய பக்கமே தெரிந்தால் கன்ட்ரோலும் எஃப்5-உம் சேர்த்து அழுத்த வேண்டும் என்பதும் அதே இடத்தில் வரட்டும்.

இனி, ஏற்றும்போது என்னென்ன உடையும் என்பது. உங்கள் பாடத்தில் அரைப் பக்கம்கூட ஒதுக்கப்படாத பகுதி இது. எங்கள் கணிப்பில் முழு வாரம் ஒதுக்கத் தகுந்தது.

ஊட்டி வர்க்கி விற்கும் ஒரு பேக்கரிக்குப் பயிற்சித் தளம் செய்கிறார் மாணவர் என்று வையுங்கள். கேமரா கொடுத்த படத்தின் பெயர் ‘வர்க்கி’, அதன் வாலில் ஜே.பி.ஜி. என்பது பெரிய ஆங்கில எழுத்தில் இருக்கிறது. கோடில் அதையே சின்ன எழுத்தில் அடிக்கிறார். வீட்டுக் கணினியில் விண்டோஸ். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றே, அதனால் படம் ஜம்மென்று தெரிகிறது. தளம் போய் உட்காரும் சர்வரோ பெரும்பாலும் லினக்ஸ். அதற்கு இரண்டும் இரண்டு வேறு ஃபைல்கள். படம் இருந்த இடத்தில் உடைந்த சின்னம் நிற்கும். ‘வீட்டில் வந்தது, இங்கே வரவில்லை’ என்ற புலம்பலில் பாதிக்குமேல் இதுதான் காரணம். மீதியில் கணிசமானது, படத்தின் முகவரியாக சி-டிரைவில் தொடங்கும் முழுப் பாதையை ஒட்டிவிடுவது. அது அந்தக் கணினியில் மட்டும் செல்லும் முகவரி. மாணவர் தன் கணினியிலேயே பக்கத்தைத் திறந்து பார்ப்பதால் சரியாகத் தெரியும், ஏற்றியபின் அவர் உட்பட ஒருவருக்கும் தெரியாது. ஃபைல் பெயரில் இடைவெளி விடுவதும், பாதையில் சாய்கோட்டைத் திருப்பிப் போடுவதும் இதே குடும்பம். மருந்து எளிது: எல்லாப் பெயரும் சின்ன ஆங்கில எழுத்தில், இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் சிறு கோடு, படங்களுக்கு ஒரே ஒரு ஃபோல்டர். முதல் நாளே இதைப் பழக்கிவிட்டால் கைக்குப் படிந்துவிடும்.

நோட்பேட் செய்யும் சேட்டைகள் தனி. விண்டோஸ் ஃபைலின் வாலை மறைத்தே காட்டும். ‘இண்டெக்ஸ் டாட் ஹெச்.டி.எம்.எல்.’ என்று சேமித்தாலும் பின்னால் ‘டாட் டி.எக்ஸ்.டி.’ ஒட்டியிருக்கும், வெளியே தெரியாது. திறந்தால் பக்கத்துக்குப் பதில் கோடே வரிவரியாகத் தெரியும். எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷனை டிக் செய்யச் சொல்வதே பாடத்தின் முதல் பயிற்சியாக இருக்கலாம். இன்னொன்று, விண்டோஸ் 10-இன் 2019-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முந்தைய நோட்பேட், நாமாக மாற்றாவிட்டால் ஃபைலை, ஆங்கிலத்தை ஒட்டிய எழுத்துகளுக்கே இடமுள்ள பழைய ஆன்சி முறையில்தான் சேமிக்கும். அதில் தமிழ் நிற்காது. சேமித்து மூடித் திறந்தால் தமிழ் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி, திரும்பவும் மீட்க முடியாது. கல்லூரிக் கணினிக்கூடங்களில் பழைய விண்டோஸ் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் சேமிக்கும் பெட்டியில் எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யு.டி.எஃப்-8 முறையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியே ஆக வேண்டும். கோடு எழுதவென்றே உள்ள விஷுவல் ஸ்டுடியோ கோட் மென்பொருளைப் போட்டுவிட்டால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஆனால் கணினிக்கூடத்தில் எதையும் நிறுவ அனுமதி இல்லாத மாணவரை மனதில் வைத்தே பாடம் எழுதுங்கள்.

தமிழுக்கு வருவோம். பாடம் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு. அவர்கள் கட்டப்போவது ஹோம்ஸ்டேக்கும், தையல் கடைக்கும், சிறு தேயிலை விவசாயிகள் சங்கத்துக்கும். அப்படியிருந்தும் மாதிரிப் பக்கங்களில் ஒன்றில்கூடத் தமிழ் இல்லை. தமிழைப் போட்டவுடன் எழும் சிக்கல்களை ஆங்கில மாதிரிகள் ஒருநாளும் காட்டித்தராது.

பக்கத்தின் தலைப்பகுதியில் மெட்டா சார்செட் யு.டி.எஃப்-8 என்ற வரி இல்லையென்றால் தமிழ் சிதைந்து குறியீட்டுக் குப்பையாகத் தெரியக்கூடும். இதைப் பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பக்கத்தைத் தொடங்கும் ஹெச்.டி.எம்.எல். டேகில் (டேக் என்பது பக்கத்தின் பகுதியைக் குறிக்கும் குறிச்சொல்) மொழி தமிழ் என்று குறிக்க வேண்டும் என்பதைச் சொல்வோர் குறைவு. மாதிரியில் ‘இ.என்.’ என்று இருப்பதை அப்படியே விட்டுவிட்டால் பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்க முயன்று திணறும், குரோம் மொழிபெயர்க்கட்டுமா என்று தேவையில்லாமல் கேட்கக்கூடும். இந்த மலையில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. படுகு மொழிப் பாடலையோ பழமொழியையோ தமிழ் எழுத்தில் போடுகிற மாணவர், அந்தப் பத்திக்கு மட்டும் பி.எஃப்.க்யூ. என்ற மொழிக்குறியீட்டைக் கொடுக்கலாம், கூடவே எழுத்துமுறை தமிழ் என்றும் குறிக்கலாம். தோடருக்கு டி.சி.எக்ஸ்., கோத்தருக்கு கே.எஃப்.இ. திரையில் எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் பக்கத்தில் இருப்பது தமிழல்ல, வேறொரு மொழி என்று இயந்திரத்துக்குச் சொல்ல இதுதான் வழி. மதிப்பெண் இல்லாவிட்டாலும் சொல்லிக்கொடுங்கள்.

‘தேயிலை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் எண் தரும் யூனிகோடுக்கு ஆறு: த, ஏகாரக் குறி, ய, இகரக் குறி, ல, ஐகாரக் குறி. யு.டி.எஃப்-8-இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 18. இதையே ஃபைல் பெயராக வைத்தால் என்ன ஆகும்? முகவரியை நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரிந்து 54 எழுத்து நீளத்துக்கு வால் நீளும். பார்ப்பவர் மோசடி லிங்க் என்று தொடமாட்டார். தமிழ் பக்கத்துக்குள் இருக்கட்டும், ஃபைல் பெயர் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும் என்பதற்குக் காரணம் இதுதான். காரணத்தைச் சொல்லாமல் விதியை மட்டும் சொன்னால் தமிழ்மேல் ஏதோ குறை என்ற நினைப்புதான் தங்கும்.

‘கொடைக்கானல்’ என்பதில் உள்ள ‘கொ’வை இரண்டு விதமாக அடிக்க முடியும். ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைட் பைட்டாக ஒப்பிடும் தேடலில் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. பக்கத்துக்குள்ளேயே தாவும் லிங்க்குக்குத் தமிழில் ஐ.டி. வைத்து, இரண்டு இடத்திலும் இரண்டு விதமாக அடித்துவிட்டால் தட்டினாலும் தாவாது. 1999-இல் அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையிலோ போனின் தமிழ் விசைப்பலகையிலோ நேராக அடித்தால் பெரும்பாலும் இந்தப் பிரச்சினை வராது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஒட்டும்போதுதான் வரும்.

அந்தப் பழைய எழுத்துரு ஒரு தனிப் பஞ்சாயத்து. கடைக்காரர் நோட்டீஸ் அடித்த டி.டி.பி. சென்டரிலிருந்து வாங்கிக் கொடுக்கும் ஃபைல், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களான பாமினியிலோ வானவில்லிலோ இருக்கும். பக்கத்தில் ஒட்டியதும் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாக மாறிவிடும். பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும். சில மாணவர்கள் பாமினி எழுத்துருவை, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சி.எஸ்.எஸ்.-இல் ஏற்றிச் சமாளிக்கிறார்கள். தன் கணினியில் அழகாகத் தெரியும். கூகுள் தேடலில் கடையின் பெயர் ஒருநாளும் வராது. யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டு எடுத்து, ஒருமுறை வரிவரியாகப் படித்துத் திருத்திய பிறகே ஒட்ட வேண்டும் என்று பாடம் கறாராகச் சொல்லட்டும்.

எழுத்துரு தேர்வில் எங்கள் கருத்து கொஞ்சம் பழமையானது. ஆண்ட்ராய்டில் நோட்டோ தமிழ் ஏற்கெனவே இருக்கிறது, விண்டோஸ் 8-இல் இருந்து நிர்மலா யு.ஐ. இருக்கிறது. இந்த இரண்டு பெயரையும் வரிசையாக எழுதிவிட்டால் ஒரு பைட்கூட இறக்காமல் தமிழ் வந்துவிடும். முதல் தளத்துக்கு அது போதும். தலைப்புக்கு மட்டும் அழகு வேண்டுமென்றால் கூகுள் ஃபான்ட்ஸில் கட்டமரனோ, ஹிந்த் மதுரையோ, முக்த மலரோ ஒன்றை, ஒரே ஒரு கனத்தில் எடுக்கட்டும். வரி உயரம் 1.7 வையுங்கள். ஆங்கில மாதிரியில் உள்ள 1.2-ஐ அப்படியே விட்டால் ‘ழு’, ‘ளூ’ போன்றவற்றின் வால் அடுத்த வரியின் புள்ளியில் இடிக்கும். சாய்வெழுத்து வேண்டாம், தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் சாய்ந்த வடிவம் கிடையாது, பிரவுசர் நேரான எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கும். இருபுறமும் சமமாக நிரப்பும் ஜஸ்டிஃபையும் வேண்டாம். ‘உதகமண்டலத்திலிருந்து’ என்று ஒரே சொல் பாதி வரியை அடைக்கும் மொழி நம்முடையது. போன் அகலத்தில் ஜஸ்டிஃபை போட்டால் சொற்களுக்கு நடுவே பல் விழுந்த மாதிரி ஓட்டை தெரியும்.

படங்கள். இங்கே மலைத்தளங்களுக்கென்று ஒரு கஷ்டம் உண்டு. 12 மெகாபிக்சல் போன் எடுக்கும் படம் 4000-க்கு 3000 பிக்சல், ஏறக்குறைய 4 எம்.பி. நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் அது வந்து சேர 32 நொடி. ஹோம்ஸ்டே தளத்தில் அப்படி பத்துப் படம் போட்டால் ஐந்து நிமிடத்துக்கு மேல். அகலம் 1200 பிக்சலாகக் குறைத்து, தரம் 75-இல் சேமித்தால் பெரும்பாலும் 150 முதல் 250 கே.பி.க்குள் வரும். விண்டோஸ் பெயிண்டில் ரீசைஸ் போய்ப் பிக்சலைத் தேர்ந்து 1200 என்று அடித்தால் அகலம் குறைந்துவிடும், தரத்தையும் சேர்த்துக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் பிரவுசரிலேயே ஓடும் ஸ்கூஷ் என்ற கருவி உண்டு. ஆனால் எல்லாப் படமும் ஒரே மாதிரி சுருங்காது. பனிமூட்டத்தில் எடுத்த படம் அடியோடு சுருங்கிவிடும், ஏனென்றால் ஜே.பி.ஜி. முறைக்குச் சீரான வெண்மையைச் சுருக்குவது சுலபம். தேயிலைச் சரிவின் படம் சுருங்க மறுக்கும். ஆயிரமாயிரம் இலை, ஒவ்வொன்றுக்கும் ஒரு விளிம்பு, ஒரு நிழல். அதே 1200 பிக்சல், அதே தரம், எடை மட்டும் இரண்டு மடங்கு மூன்று மடங்கு வரும். தேயிலைப் படத்தை முகப்பில் முழு அகலத்துக்குப் போட ஆசைப்படுகிறவர்கள்தான் இங்கே அதிகம். அப்படிப்பட்ட படத்துக்குத் தரத்தை 60 வரை இறக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. வெப்.பி. வடிவத்தில் சேமித்தால் இன்னும் குறையும்.

படத்தின் டேகில் அகலமும் உயரமும் எண்ணாக எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் படம் தாமதமாக வந்து சேரும்போது கீழே உள்ள எழுத்தெல்லாம் குதித்து இறங்கும், வாசகர் தட்டப்போன பொத்தான் விலகிப் போகும். மெதுவான நெட்டில்தான் இது உறுத்தும், கோயம்புத்தூரில் ஃபைபரில் உட்கார்ந்து பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது. முகப்புக்குக் கீழே வரும் படங்களுக்கு, அவை தேவைப்படும்போது மட்டும் இறக்கச் சொல்லும் ‘லோடிங் லேசி’ கொடுக்கட்டும். படத்துக்குப் பதிலாக நிற்கும் ‘ஆல்ட்’ எழுத்தில் ‘படம் 1’ என்று போடுவதைத் தவறாகவே கருதுங்கள். ‘கடை முகப்பில் தட்டுகளில் அடுக்கிய வர்க்கி’ என்று எழுதினால் கண் தெரியாதவருக்கும், படம் வந்து சேராதவருக்கும் விஷயம் புரியும். கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு எடுக்கச் சொல்லவும் மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் படத்துக்குள்ளேயே வீட்டின் ஜி.பி.எஸ். எண் பொதுவெளிக்குப் போய்விடும்.

சி.எஸ்.எஸ்.-இல் இரண்டு விஷயம் நின்று சொல்லித்தரப்பட வேண்டும். திரையின் அகலத்துக்கு ஏற்பக் காட்டச் சொல்லும் வ்யூபோர்ட் வரி இல்லாத பக்கத்தைப் போன் 980 பிக்சல் அகலத் திரைக்கானது என்று எண்ணிச் சுருக்கிக் காட்டும். 360 பிக்சல் அகலப் போனில் 16 பிக்சல் எழுத்து 6 பிக்சலாகத் தெரியும். மாணவர் உடனே எழுத்தளவை 40-க்கு ஏற்றுவார். ஒரு வரி சேர்த்தால் தீரும் பிரச்சினை, பக்கம் முழுக்கப் பரவிவிடும். இரண்டாவது பெட்டிக் கணக்கு. அகலம் 100 சதவீதம் என்று எழுதி, இரு பக்கமும் 20 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி) கொடுத்தால் பெட்டி 360 அல்ல, 400. 40 பிக்சல் வெளியே வழிந்து பக்கம் இடவலமாக ஆடும். பாக்ஸ்-சைசிங்கை பார்டர்-பாக்ஸ் என்று முதல் வரியிலேயே வைத்துவிட்டால் ஆட்டம் நிற்கும். பெட்டிகளை அடுக்கும் முறைகளில் ஃப்ளெக்ஸ்பாக்ஸ் முதலில், கிரிட் பிறகு. எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு 4.5-க்கு 1-க்குக் குறையக் கூடாது. இதைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம், பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸே எண்ணாகக் காட்டும்.

எதை நீக்கலாம்? மார்க்கீ (ஓடும் எழுத்து), ஃபான்ட், சென்டர், ஃப்ரேம்செட் என்ற பழைய டேகுகளை. 2014 அக்டோபரில், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி வெளியிட்ட ஹெச்.டி.எம்.எல்.5 இவற்றைக் காலாவதி என்றே குறித்துவிட்டது. ஓடும் எழுத்துக்கு இன்னும் ஐந்து மதிப்பெண் வினா வருவது, டைப்ரைட்டர் ரிப்பனை மாற்றும் முறையை விளக்குக என்று கேட்பது மாதிரி. அட்டவணையை வைத்துப் பக்கத்தை வடிவமைக்கும் பகுதியையும் எடுங்கள். பசுந்தேயிலை விலைப்பட்டியல் போட அட்டவணை வேண்டும், மெனு கட்ட வேண்டாம்.

கணினி இல்லாமல் போனிலேயே பாடம் முடிக்கிறவர்களுக்கு ஒரு தனி அத்தியாயம் தேவை. ஆண்ட்ராய்டில் ஃபைல் மேனேஜரிலிருந்து இண்டெக்ஸைத் தட்டி குரோமில் திறந்தால் பக்கம் வரும், படமும் சி.எஸ்.எஸ்.-உம் வராது. அந்த ஒரு ஃபைலைத் திறக்க மட்டுமே குரோமுக்கு அனுமதி கிடைக்கிறது, பக்கத்தில் உள்ள ஃபைல்களுக்குக் கிடைப்பதில்லை. கோடு தவறு என்று நினைத்துப் பாடத்தையே கைவிடும் இடம் இது. ஏகோட், ஸ்பெக் போன்ற போன் எடிட்டர்களில் உள்ளேயே ப்ரீவியூ உண்டு, அதில் பார்க்கச் சொல்லுங்கள். விசைப்பலகை வரியின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும், ‘இண்டெக்ஸ்’ பெரிய ஐ-யோடு சேமிக்கப்பட்டு முகப்புப் பக்கம் கிடைக்காமல் போகும். ஆட்டோ கேபிடல், ஆட்டோ கரெக்ட் இரண்டையும் அணைத்த பிறகே முதல் வரி.

தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏ.ஐ.யிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் முழுத் தளம் வந்துவிடும் காலம். தடை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. கட்டிய தளத்துக்கு மதிப்பெண் போடுவதைக் குறைத்து, உடைந்த தளத்தைச் சரிசெய்ய மதிப்பெண் போடுங்கள். மேலே சொன்னவை போன்ற பிழைகளில் ஏழு எட்டை வைத்து ஒரு பக்கம் தயாரித்துக் கொடுங்கள்: பெரிய எழுத்து வால், வளைந்த மேற்கோள்குறி, வ்யூபோர்ட் இல்லாமை, வழியும் பெட்டி, மூடாத டேக். எஃப்12 அழுத்தி பிழைகளைக் காட்டும் கன்சோலில் சிவப்பாக நிற்கும் 404 (ஃபைல் கிடைக்கவில்லை) வரியைப் படிக்கத் தெரிகிறதா, கோடைச் சரிபார்க்கும் டபிள்யூ3சி வேலிடேட்டர் சொல்லும் முதல் பிழையைத் திருத்தினால் அடுத்த பத்தும் சேர்ந்தே மறையலாம் என்று தெரிகிறதா, ஏன் உடைந்தது என்று இரண்டு வரி தமிழில் எழுத வருகிறதா என்று பாருங்கள். ஏ.ஐ. துணையோடு செய்தாலும் அந்த இரண்டு வரியை வைத்து ஐந்து நிமிடம் போனில் பேசினால் தெரிந்துவிடும்.

ஒப்படைப்பை ஜிப் ஃபைலாகக் கேட்காதீர்கள். 40 எம்.பி. ஜிப் ஏற்றும்போது 38-இல் சிக்னல் போனால் மறுபடி முதலிலிருந்து. தளத்தின் முகவரி ஒரு வரி, எஸ்.எம்.எஸ்.-இலும் போகும். கடைசி நாளையும் மழையைப் பார்த்து வையுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டிய மாவட்டம் இது. மரம் விழுந்து கம்பி அறுந்தால் கரண்ட், நெட் இரண்டும் சேர்ந்தே போகும். ‘ஞாயிறு இரவு 11.59’ என்பதற்குப் பதில் பத்து நாள் அவகாசமும், தாமதத்துக்கு விளக்கம் கேட்காத இரண்டு சலுகை நாளும் கொடுத்தால் இங்கிருந்து பாதியில் விலகுவோர் குறைவார்கள்.

உடைந்த பயிற்சிப் பக்கத்தைத் தமிழில் தயாரித்துத் தர நாங்கள் தயார், கூலி வேண்டாம். புதிய பாடத்தின் முதல் பக்கம் தயாரானதும் குரோமின் நெட்வொர்க் பகுதியில் வேகத்தை 3ஜி என்று வைத்து, முன்பு இறக்கியதைச் சேமித்து வைக்கும் கேஷை அணைத்து, ஒருமுறை திறந்து பாருங்கள். எத்தனை நொடி ஆகிறது என்பதை எங்களுக்கும் எழுதுங்கள். அதே பக்கத்தை மஞ்சூர் பஸ் நிலையத்தில் நின்று ஒரு சாதாரணப் போனில் நாங்கள் திறந்து பார்த்து, எங்கள் கணக்கையும் அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
நீலகிரியில் வலைத்தளம் கட்டுவோரும் கற்பிப்போரும்